மீதி 3.1 மில்லிகிராம்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவியின் காந்தம் மறுபடி குளிர்ந்து நிற்கிறது. நேற்று, கருவியைச் சரிபார்க்க வைக்கும் அடமாண்டேனை உள்ளே வைத்துப் பார்த்தேன். நிறமாலையில் அதன் இரண்டு கோடுகளும் அதனதன் இடத்தில் ஒடிசலாக நின்றன. பார்த்த கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். காந்தத்தைக் குளிர்விக்கும் ஹீலியம் போன கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதை மறுபடி கிளற வேண்டாம்.

பழுதுபார்க்க வந்தவர்கள், விடுமுறையிலும் வந்து நைட்ரஜன் நிரப்பியவர்கள், என் மாணவர்களின் ஆய்வேட்டுக் கெடுவைத் தள்ளிவைக்கச் சொல்லி வாதாடியவர்கள், ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தவர்கள் என எல்லோருக்கும் சேர்த்து ஒரே நன்றியாகச் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த மடலில் மிச்ச இடம் முழுவதும் ஒருவருக்கு வேண்டியிருக்கிறது.

அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. வேறோர் ஆய்வகத்தில் கருவியை இயக்குபவர். எங்கள் காந்தம் படுத்துவிட்டது என்று கேள்விப்பட்டு, இரண்டு வார இறுதிகளை எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். நான் அனுப்பியது ஒரு பாலிஎத்திலீன் படலம். 14 ஆண்டுகளுக்கு முன் உருக்கி ஆறவைத்து, என் அலமாரியிலேயே வயதான படலம். கையில் இருந்ததே 60 மில்லிகிராம்தான். பொடிப்பொடியாக நறுக்கி 4 மி.மீ. ரோட்டரில், அதாவது மாதிரியைச் சுழற்றும் சிறு குழாயில், அடைத்து அனுப்பினேன். அந்தக் கடைசித் துண்டு போனால் இன்னொன்று செய்ய இன்னொரு 14 ஆண்டு வேண்டும். இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்து வாங்க மறுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

ரோட்டர் சுழலவில்லை. வினாடிக்கு 2,000 சுற்றைத் தொடும் முன்பே தள்ளாடியிருக்கிறது. என் அவசர அடைப்பு அப்படி. பொதுவாக இந்த இடத்தில் 'மாதிரி சுழலவில்லை, வேறு அனுப்பவும்' என்று ஒரு வரி வரும், அதோடு சரி. அவர் மூடியைக் கழற்றி, துணுக்குகளை வெளியே எடுத்து, பெரிதாக இருந்தவற்றை லென்ஸ் வைத்துப் பார்த்து இன்னும் சிறிதாக நறுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தி அடைத்திருக்கிறார். ரோட்டரின் அடியில், சுற்றை எண்ணுவதற்கான கருப்பு மை பாதி அழிந்திருந்ததாம். அதையும் பூசியிருக்கிறார். அப்புறம் வினாடிக்கு 5,000 சுற்று, ஆடாமல் அசையாமல் ஓடியிருக்கிறது.

படிகப் பகுதியின் கார்பன்கள் ஒரு ரேடியோ அலைத் துடிப்புக்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்ப நிமிடக் கணக்கில் ஆகும். அளவு சரியாக வர வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தார். நிறமாலை அளவுகோலில் 33 பிபிஎம்மில் படிகப் பகுதியும் 31 பக்கம் ஒழுங்கற்ற பகுதியும் தனித்தனியாக வந்து விழுந்தன.

தரவு வந்த மறுவாரம் ஒரு பொட்டலம் வந்தது. ரோட்டரோடு, மருந்துப் பொடி மடிப்பதுபோல மடித்த எடைத்தாள் ஒன்று. மேலே பென்சிலில் எழுதியிருந்தார்: 'மீதி 3.1 மி.கி. ஒட்டிக்கொள்ளும், பார்த்துப் பிரிக்கவும்.'

ரோட்டரில் அடங்காத துணுக்குகள். அவற்றைக்கூட எடைபோட்டு அனுப்பியிருக்கிறார்.

22 ஆண்டுகளாக அடுத்தவர்களின் மாதிரிகளை வாங்கி ஓட்டுகிறேன். மீதியை எத்தனை முறை குப்பைக்கூடையில் தட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் முகம் சூடாகிறது. ஒருமுறை ஒரு மாணவி மீதியைத் திருப்பிக் கேட்டபோது 'அவ்வளவுதான் இருந்தது' என்று சொல்லியிருக்கிறேன். பொய். அந்த மாணவி இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும்.

மாதிரியை மாயக்கோணத்தில், அதாவது காந்தப்புலத்துக்கு 54.7 பாகையில் சாய்த்துச் சுழற்றிக் கோடுகளை ஒடிசலாக்கும் வித்தையை 1958-59இல் ஆண்ட்ரூ குழுவினரும் லோவும் தனித்தனியாகக் காட்டினார்கள். 1976இல் ஷேஃபரும் ஸ்டெய்ஸ்காலும் அதைக் குறுக்கு முனைவாக்கத்தோடு (ஹைட்ரஜனின் முனைவைக் கார்பனுக்கு மாற்றிச் சமிக்ஞையைக் கூட்டும் முறை) சேர்த்த பிறகுதான் பாலிமர்காரர்கள் பிழைத்தோம். இதை வகுப்பில் வருடாவருடம் சொல்கிறேன். ரோட்டரை அடைத்தவர் யார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கட்டுரையில் பெயர் போடட்டுமா என்று இவரிடம் கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். அதனால்தான் இங்கும் பெயர் இல்லை.

அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் வார இறுதி, எங்கள் கருவி வெளியாட்களுக்கு. கட்டணம் கிடையாது. சுழலாத ரோட்டர் வந்தால் நானே பிரித்து அடைக்கிறேன். தராசுக்குப் பக்கத்தில் ஒரு கட்டு எடைத்தாளும் பென்சிலும் வைத்தாயிற்று.

அந்த 3.1 மில்லிகிராமை இன்னும் பிரிக்கவில்லை. காற்றில் ஈரம் இருக்கும் நாளாகப் பார்த்துப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் பறந்துபோய்க் கையுறையில் ஒட்டிக்கொள்ளும்.