பலகையில் எழுதிய இருநூறு: காலைப் பயிற்சி மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மைதானத்தில் போலீஸ், ராணுவத் தேர்வுக்கு விடியற்காலைப் பயிற்சி நடத்தும் மாஸ்டர்களுக்கு,

வணக்கம். என் மகள் ஒன்றரை மாதமாக உங்களிடம் பயிற்சிக்கு வருகிறாள். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் மறுநாள் இரண்டு ரவுண்டு கூடுதலாக ஓட வேண்டியிருக்கும் என்கிறாள். மைதானத்தின் பெயரையும் விட்டுவிடுகிறேன். பலகை என்று சொன்னாலே உங்களுக்குப் புரிந்துவிடும்.

"31 நாள், 200 சிட்-அப்" என்று எழுதி மரத்தில் மாட்டியிருக்கிறீர்களே, அந்தப் பலகைதான். மல்லாந்து படுத்து, காலை மடக்கி, எழுந்து உட்காருவதுதான் சிட்-அப். முதல் நாள் 20. அப்புறம் தினமும் 6 கூட்டிக்கொண்டே போக வேண்டும். கணக்கில் தப்பில்லை, முப்பத்தொன்றாம் நாள் சரியாக 200 வருகிறது. உடம்புக்கும் இந்தக் கூட்டல் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

பதினான்காம் நாள் 98 போட வேண்டிய அன்று என் மகள் 61-இல் நின்றுவிட்டாள். மற்றவர்களைக் கைதட்டச் சொன்னீர்களாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை, கூட வரும் பெண் சொன்னாள். எனக்கு விஷயம் தெரிந்தது பஸ்ஸில்தான். அன்று லைனிங் துணியும் நூல்கண்டும் வாங்க நான் தர்மபுரி வந்திருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து பாலக்கோடு பஸ் ஏறினோம். பாதி சீட் காலியாகக் கிடந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உட்காரேண்டி" என்றேன். "பரவாயில்லைம்மா" என்றாள். ஊர் வந்து இறங்கும்வரை நின்றுகொண்டேதான் வந்தாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், இடுப்புக்குக் கீழே வால் எலும்பு இருக்கும் இடத்தில் தோல் உரிந்து, சுடிதார் பேண்ட் புண்ணோடு ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத்தான் துணியைப் பிரித்தேன். அந்தப் பேண்ட் நான் தைத்தது. நடுத் தையல் தடித்துப்போய் உறுத்திவிட்டதோ என்று ராத்திரி விளக்கடியில் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், மாஸ்டர். தையல் சரியாகத்தான் இருந்தது. பருக்கைக்கல் கலந்த செம்மண் தரையில் ஒரு பெண் குழந்தை தினமும் வால் எலும்பை வைத்துத் தேய்த்தால் எந்தத் தையலும் காப்பாற்றாது.

மறுநாள் கடையில் மீந்த வெட்டுத்துணிகளை அடுக்கி, மேலே சாக்கு வைத்து ஒரு சின்னப் பாய் தைத்துக் கொடுத்தனுப்பினேன். "மெத்தை கொண்டு வந்திருக்கியா, தலையணை எங்கே?" என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் சிரித்தார்களாம். நல்ல நகைச்சுவைதான். அதற்குப் பிறகு அவள் அந்தப் பாயை எடுத்துப்போவதில்லை.

நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. அந்த இருநூறை அழித்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவரால் முடிகிற எண்ணை அளந்து எடுங்கள்.

நான் 22 வருஷமாகத் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவள். கடைக்கு வரும் ஆளை அளவெடுக்காமல் கத்தரிக்கோலைத் தொடமாட்டேன். முப்பது பேருக்கு ஒரே அளவில் சட்டை வெட்டினால், நாலு பேருக்குப் பொருந்தும், மிச்சப் பேர் கடைக்கு வந்து கத்துவார்கள். உங்கள் மைதானத்தில் கத்தக்கூட முடியாது என்பதுதான் வித்தியாசம்.

மாஸ்டரிடமே பாடம் எடுக்கிறாளே என்று நினைக்க வேண்டாம். மெஷினில் குனிந்து குனிந்து எனக்கு முதுகு போய்விட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பிசியோதெரபி போனேன். முதல் மாதம் அங்கே பயிற்சி கொடுத்த பெண் சிட்-அப்பே கொடுக்கவில்லை. மூன்று பயிற்சிதான். ஒரு காலை மடக்கி மல்லாந்து படுத்து, இடுப்புக்கடியில் கையைக் கொடுத்து, தலையையும் தோளையும் மட்டும் லேசாகத் தூக்கி நிறுத்துவது ஒன்று. ஒருக்களித்து முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்குவது இன்னொன்று. மூன்றாவது, தவழும் குழந்தை மாதிரி நின்று, வலது கையையும் இடது காலையும் நீட்டி, அப்புறம் மாற்றுவது. ஒவ்வொன்றிலும் பத்து வினாடி நின்றால் போதும். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் என்ற பேராசிரியர் சொன்ன பயிற்சிகளாம் அவை. ஒரு முழு சிட்-அப் போடும்போது கீழ் முதுகெலும்பில் சுமார் 3300 நியூட்டன் அழுத்தம் விழுகிறது என்று அளந்தவரும் அவர்தான். ஏறக்குறைய 330 கிலோ எடை. இங்கே மார்க்கெட்டில் தக்காளிக் கிரேட் தூக்குகிறவர்களைக் கேளுங்கள், அது எவ்வளவு என்று சொல்வார்கள்.

அதற்காகச் சிட்-அப் விஷம் என்று சொல்ல வரவில்லை. இரண்டாம் மாதம் எனக்கும் கொடுத்தார்கள். முதலில் ஒரு சோதனை வைத்தார்கள். கழுத்தைக் கையால் இழுக்காமல், காலை யாரும் பிடிக்காமல், எழும்போது மூச்சை விட்டுச் சுத்தமாக எத்தனை வருகிறது என்று பார்த்தார்கள். ஏழு வந்தது. எட்டாவதில் உடம்பு வெட்டி இழுத்தது. "உங்கள் எண் ஏழு" என்றார் அந்தப் பெண். அதில் பாதியைக் கொஞ்சம் தாராளமாக எடுத்து நாலு. நாலு நாலாக மூன்று தடவை, நடுவில் ஒரு நிமிஷம் ஓய்வு, வாரத்தில் மூன்று நாள் மட்டும். வாரத்துக்கு ஒன்று கூட்டலாம், வராவிட்டால் கூட்டக் கூடாது. தீபாவளித் தையல் நெருக்கடியில் ஒரு மாதம் நின்றுபோய், மறுபடி ஆறிலிருந்து ஆரம்பித்தேன். பதினைந்து மூன்று தடவை போட எனக்கு ஆறு மாதம் ஆனது. (அதை மாமியாரிடம் பெருமையாகச் சொன்னால், "இந்த வயசில் எதுக்குத் தோப்புக்கரணம்?" என்றார். அவர் காலத்தில் உட்கார்ந்து எழுந்தது அது ஒன்றுதான்.)

என் மகளுக்கு வயது 19, என்னைவிட வேகமாக ஏறுவாள். ஆனால் அவளுக்கும் ஓர் எண் உண்டு, அதை நீங்கள் எடுக்கவில்லை. தினமும் போட்டால் தசை எப்போது ஓய்வெடுக்கும்? அசந்துபோன வயிற்றுக்குப் பதிலாக இடுப்பு மடக்கும் தசைதான் ஆளை இழுத்துத் தூக்குகிறது. அது கீழ் முதுகெலும்பில் பிடித்திருக்கும் தசை. பக்கத்தில் இருப்பவர் பாதத்தை அமுக்கிப் பிடித்தால் அதற்கு இன்னும் வசதி. அசந்த பிறகு என் மகள் போட்டதெல்லாம் முதுகு போட்டது, வயிறு போட்டதில்லை. உங்கள் பலகை இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறது.

நேரத்தையும் பார்க்க வேண்டும். ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்புத் தட்டுகள் தண்ணீர் குடித்து உப்பியிருக்கும், எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அதிகமாகக் குனிந்து மடங்கக் கூடாது என்று எனக்குச் சொன்னார்கள். நீங்கள் ஐந்தரை மணிக்கு முதல் வேலையாக இதைத்தான் வைக்கிறீர்கள். ஓட்டத்தை முன்னால் வைத்து இதைக் கடைசிக்குத் தள்ளக் கூடாதா?

இதைவிட எனக்குப் புரியாதது வேறொன்று. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு அறிவிப்பை மகளிடம் வாங்கி வரி வரியாகப் படித்தேன். பெண்களுக்கு முதலில் 400 மீட்டர், 2 நிமிடம் 30 வினாடி. பையன்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிடம், அப்புறம் கயிறு ஏறுதல், தாண்டுதல். ராணுவத்துக்குப் போகிறவர்களுக்கு 1600 மீட்டர் ஓட்டம், பீமில் தொங்கி எழும்புதல், 9 அடிப் பள்ளம் தாண்டுதல், ஜிக்ஜாக் கட்டையில் நடப்பது. சிட்-அப் என்று ஒரு வரி இல்லை. பல வருஷமாக இரண்டு நிமிட சிட்-அப்பைத் தேர்வாகவே வைத்திருந்த அமெரிக்க ராணுவம்கூட அதை எடுத்துவிட்டது; இப்போது அங்கே பிளாங்க்தான், அதாவது முழங்கையை ஊன்றி உடம்பை நேராக அசையாமல் நிறுத்துவது. கயிறு ஏறவும், குண்டு எறியவும், ஓடும்போது இடுப்பு ஆடாமல் இருக்கவும் நடுவுடம்பு உறுதியாக வேண்டும் என்பது சரி. ஒகேனக்கலில் பரிசல் ஓட்டுகிறவர் எத்தனை சிட்-அப் போட்டார்? சுழலில் பரிசல் சுற்றும்போது அவர் உடம்பு அசையாமல் நிற்கிறதே, நீங்கள் 'கோர்' என்கிறது அதைத்தானே?

சொல்ல ஆரம்பித்தால் எல்லாம் வருகிறது. மைதானத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அதனால் என் மகள் நாலு மணிக்கு எழுந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறாள். இல்லாத கழிப்பறை உங்கள் தப்பில்லை, தெரியும். விளையாட்டு விழாவுக்குப் பந்தல் போட வருகிறவர்கள் கண்ணில் அது படாதது உங்கள் தப்பா? முதுகெலும்பைப் பற்றி நம் மாவட்டத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லவும் வேண்டாம். தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்றுதானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்து முதுகு விறைத்து, திரும்ப முடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைப் பார்த்துத்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். இருக்கிற நல்ல முதுகையும் ஒரு பலகைக்காகக் கெடுக்க வேண்டுமா?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். பீஸ் வாங்காமல், மழையிலும் பனியிலும் எங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நிற்கிறீர்கள். அது எனக்குத் தெரியும். அதனால்தான் வேறெங்கும் போகாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

தயவுசெய்து பலகையிலிருந்து 200-ஐ அழியுங்கள். ஒரு நோட்டில் பெயருக்கு எதிரே அவரவர் எண்ணை எழுதுங்கள். மாதம் ஒருமுறை மறுபடி எடுங்கள். ஏழிலிருந்து பதினொன்றுக்கு வந்த பிள்ளைக்கும் கைதட்டச் சொல்லுங்கள், தட்டத்தான் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறதே.

முப்பது சாக்குப் பாய் நானே தைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம். வெட்டுத்துணி கடையில் நிறையக் கிடக்கிறது. சாக்கு மட்டும் நீங்கள் பார்த்துக் கொடுத்தால் போதும். மகளுக்குப் புண் ஆறிக்கொண்டிருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை வருவாள். அவளோடு நானும் முதல் பஸ்ஸில் வந்து பலகையைப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
பாலக்கோடு பக்கத்துத் தையல்காரி,
61-இல் நின்ற பெண்ணின் அம்மா