வெப்பமும் சிறுநீரகமும்

ஆசிரியருக்கு, வேலையிடத்தில் வெப்பம் என்றாலே மயக்கம், ஹீட் ஸ்ட்ரோக் என்பதோடு பேச்சை நிறுத்திவிடுகிறோம், ஆனால் வியர்த்துக் கொட்டியும் தண்ணீர் குடிக்க நகர முடியாமல் வருடக்கணக்கில் உழைப்பவர்களின் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுப்போவதைப் பற்றி எவ்வளவு பேசுகிறோம்? உலகத் தொழிலாளர்களில் 70 சதவீதத்துக்கும் அதிகமானோர் கடும் வெப்பத்துக்கு ஆளாகிறார்கள் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2024-இல் சொன்னது. வெயிலில் நிற்பவர்கள் மட்டுமல்ல, தகரக் கூரைக்குக் கீழேயும் கொதிகலன் பக்கத்திலும் நிற்பவர்களும்தான். காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை காயாது, உடம்பு குளிராது. நிழல், தண்ணீர், கழிப்பறை, அப்புறம் கூலி பிடிக்காத ஓய்வு, இதையெல்லாம் சட்டமாக்கி, மீறும் முதலாளிக்கு அபராதம் போட வேண்டும். புதிதாக வருபவரை முதல் நாளே முழு நேரமும் வெயிலில் நிறுத்தக் கூடாது, உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும்.