வென் தீவுப் படகுத்துறைப் பெரியவருக்கு நன்றி

சுவீடனுக்கும் டென்மார்க்குக்கும் நடுவே, ஓரசுண்ட் நீரிணையில் இருக்கும் சின்னத் தீவு வென். பரப்பளவு சுமார் 7.5 சதுர கிலோமீட்டர்தான். சுவீடன் கரையிலுள்ள லாண்ட்ஸ்க்ரோனா ஊரில் படகேறி இறங்கினால், ஆரஞ்சு அடையாளங்களைப் பார்த்துக்கொண்டே கரையோரமாகத் தீவைச் சுற்றி நடக்கலாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செங்குத்தான மண் சரிவு. கூழாங்கல் கரையில் நடப்பது பார்க்கிற அளவுக்குச் சுலபமில்லை.

மேற்குக் கரையை நெருங்கும்போது என் ஷூவின் அடிப்பாகம் வாய் பிளந்துகொண்டது. படகுத்துறையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நான் கேட்பதற்கு முன்பே கையை நீட்டி ஷூவைக் கழற்றச் சொன்னார். நீல நைலான் கயிற்றைக் குதிகாலுக்கும் முன்பக்கத்துக்கும் குறுக்கே சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டு, மிச்சத்தைக் கத்தியால் நறுக்கினார். பணமா? கையை மட்டும் ஆட்டினார்.

அப்புறம், கரைவழி வேண்டாம், தீவின் நடுவே போகும் சாலையைப் பிடி என்றார். நல்ல யோசனை. வானியலாளர் டைக்கோ பிராகி 1576 முதல் ஏறக்குறைய இருபது வருடம், தொலைநோக்கி இல்லாமலே வானத்தை அளந்த உரானிபோர்க் வான் ஆய்வுக்கூடம் இருந்த இடம் அந்த வழியில்தான். சுற்றுப்பாதையிலேயே போயிருந்தால் அதைத் தவறவிட்டிருப்பேன்.

ஐயா, உங்கள் பெயர் தெரியாது. படகு கிளம்புவதற்குள் கிழக்குத் துறைக்கு வந்துவிட்டேன். முடிச்சு கடைசிவரை அவிழவே இல்லை. ரொம்ப நன்றி.