காரின் வயிற்றைக் குனிந்து பாருங்கள்: கார் கம்பெனிக்குக் கோத்தகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கார் நிறுவனத்தாருக்கும், உங்கள் பலகையை மாட்டி எங்களுக்கு வண்டி விற்கும் டீலருக்கும்,

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. உங்கள் பெயரை இதில் எழுதவில்லை. எழுதினால் ஒரு கம்பெனியோடு எனக்குச் சண்டை என்று விஷயம் சுருங்கிவிடும். வண்டியின் அடியில் பிடிக்கும் துருவைப் பற்றி நான் சொல்ல வந்தது மலைக்கு வண்டி விற்கிற எல்லோருக்கும் பொருந்தும். எங்கள் வண்டியின் எண்ணும் படங்களும் உங்களுக்கு மூன்று முறை மின்னஞ்சலில் வந்திருக்கின்றன. மூன்று முறையும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில் வந்தது. அதனால்தான் இப்படி எல்லோர் முன்னாலும் எழுத வேண்டியதாகிவிட்டது.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் புது வண்டி அது. அதற்கு முன் ஓட்டியதெல்லாம் கைமாறி வந்தவை. மாமியாருக்கு மாதம் இரண்டு முறை கோவை மருத்துவமனைக்குப் போக வேண்டும். மேட்டுப்பாளையம் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று என்று மாறி மாறி ஏற அவரால் முடியவில்லை. சேமநிதியில் கடன் எடுத்து, மீதிக்கு வங்கியில் கடன் வாங்கி, கடந்த ஆண்டு மாசியில் எடுத்தோம். உங்கள் விளம்பரத்தில் வண்டி ஓடுவது பனிமூட்டத்துக்குள், தேயிலைத் தோட்டத்தின் நடுவே. அதைப் பார்த்துத்தான் என் மகள் அந்த நீல நிறம் வேண்டும் என்றாள்.

டெலிவரி அன்று நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்த பிறகு ஒரு பில்லை நீட்டினார்கள். ஆன்டி ரஸ்ட் அண்டர்பாடி கோட்டிங், அதாவது துருப்பிடிக்காமல் இருக்க வண்டியின் அடியில் அடிக்கும் கறுப்புப் பூச்சு, 4,800 ரூபாய். "மேடம், மலைக்குப் போற வண்டி. இது இல்லாம எடுக்காதீங்க. நேத்தே அடிச்சு வச்சாச்சு" என்றார் விற்பனைப் பிரிவுத் தம்பி. மறுபேச்சில்லாமல் கட்டினோம். மழை ஊர்க்காரர்களுக்குத் துரு என்ற சொல் போதும், கை தானாகப் பணப்பைக்குப் போய்விடும்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து பின் சக்கரத்தில் ஏதோ கல் உரசுகிற சத்தம். எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனிடம் விட்டோம். வண்டியை ராம்பில் ஏற்றியவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கூப்பிட்டார். "டீச்சர், கொஞ்சம் குனிஞ்சு இங்க பாருங்க."

டார்ச் வெளிச்சத்தில் அடிப்பாகம் கறுப்பாக, பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. அவர் ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாக நெம்பினார். ஆறின பாலில் ஆடையை எடுப்பது போல உள்ளங்கை அகலத்துக்கு அந்தக் கறுப்புத் தோல் கழன்று வந்தது. அதன் உள்பக்கம் காய்ந்த செம்மண் அப்பியிருந்தது. மண்ணோடு ஒரு புல் துரும்பு. அதற்கு மேல் தகரத்தில் மஞ்சளும் சிவப்புமாகத் துரு. கோட்டிங் அடித்தது டெலிவரிக்கு முந்தின நாள் என்றால் அந்த மண் எங்கள் ஊர் மண்ணாக இருக்க வழியில்லை. உங்கள் யார்டில் நின்றபோது ஒட்டிய மண். கழுவாமல், துடைக்காமல் அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள்.

அடுத்து அவர் ஒரு கம்பியை எடுத்துக் கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டிச் சட்டத்தின் அடியில் தேடினார். அங்கே தண்ணீர் வடிவதற்கென்று கம்பெனியிலேயே சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பீர்கள். எங்கள் வண்டியின் இடது பக்கத்தில் எல்லா ஓட்டைகளையும் அந்தக் கறுப்பு மருந்து அடைத்திருந்தது. ஒன்றைக் குத்தித் திறந்ததும் அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது. டிக்காஷன் நிறம். விரலில் தொட்டு முகர்ந்தேன், இரும்பு வாடை.

என் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் மின் வேதியியல் பாடத்தில் நான் நடத்துவது இதைத்தான். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் வேண்டும். ஒரே தகரத்தில் ஓரிடத்துக்கு ஆக்சிஜன் நிறையவும் பக்கத்து இடத்துக்குக் குறைவாகவும் கிடைத்தால், குறைவாகக் கிடைக்கும் இடம்தான் நேர்மின்வாயாக மாறிக் கரையும். உரிந்து நிற்கும் கோட்டிங்கின் உள்ளே, ஈர மண்ணின் அடியில் இருப்பது அப்படிப்பட்ட இடம். ஒன்றுமே அடிக்காமல் விட்டிருந்தால் வெயில் வந்ததும் காய்ந்திருக்கும். மண்ணின் மேல் அடித்த கோட்டிங் ஈரத்தைத் தகரத்தோடு கட்டிப் போட்டுவிட்டது. காப்பாற்றும் என்று காசு கொடுத்து வாங்கியதே துருவுக்குக் குடை பிடித்திருக்கிறது. கட்டின 4,800 ரூபாயைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

பெயிண்ட் விஷயமும் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் நீங்கள் செய்யும் வேலை மேல் எனக்கு மரியாதை உண்டு. வண்டியின் உடலை முழுசாகத் தொட்டியில் முக்கி, உடலையே எதிர்மின்வாயாக்கி, மின்சாரத்தால் முதல் பூச்சை மூலை முடுக்கெல்லாம் ஏற்றுகிறீர்கள். அது சுமார் 20 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் மேல் பிரைமர், நிறம், கடைசியில் பளபளப்புக்குக் கிளியர் கோட். எல்லாம் சேர்த்து 100 முதல் 150 மைக்ரான் வரும். பிள்ளைகள் எழுதும் தாள் ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை தாளின் கனம். ஊட்டி, கோத்தகிரி சாலையில் ஜல்லி பெயர்ந்து கிடக்கும் இடத்தில் முன்னால் போகும் லாரி தெறிக்கிற ஒரு கல் போதும், அந்தத் தாள் கிழியும். பானட் விளிம்பில் எங்களுக்கு அப்படி ஏழெட்டுப் புள்ளிகள். அதற்காக நான் உங்களைக் குறை சொல்லவில்லை. கல் கல்தான்.

ஆனால் பின் கதவின் கீழ் ஓரத்தில் பெயிண்ட் கொப்புளமாக எழும்பியதற்குக் கல் காரணம் இல்லை. துரு இரும்பைவிட அதிக இடம் அடைக்கும், அதனால் பெயிண்டை உள்ளிருந்து தூக்கும். வெளியே கீறல்கூட இல்லாத இடத்தில் கொப்புளம் என்றால் ஈரம் உள்ளிருந்து வந்திருக்கிறது. உங்கள் சர்வீஸ் அட்வைசர் அதையும் பானட் புள்ளிகளோடு சேர்த்து ஒரே வரியில் எழுதிவிட்டார். "ஸ்டோன் சிப் மேடம், வாரண்டியில வராது. துருவுல ஓட்டை விழுந்தாத்தான் கவர் ஆகும். இன்னொரு கோட் அடிச்சுக்கலாம், 5,500 ஆகும்." முதல் கோட் மண்ணின் மேல் அடித்தது பற்றிக் கேட்டேன். அது வெளி கான்ட்ராக்ட் என்றார். பில்லில் உங்கள் முத்திரைதானே இருக்கிறது என்றேன். மேலாளரிடம் பேசச் சொன்னார். மேலாளர் இன்றுவரை பேசவில்லை.

எங்கள் ஊர் எப்படிப்பட்டது என்று உங்கள் பொறியாளர்கள் ஒருமுறை யோசிக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். அதற்குள் கிட்டத்தட்ட 5,000 அடி ஏறுகிறோம். கீழே வெயிலில் கொதித்த தகரம் ஒன்றரை மணி நேரத்தில் பனிக்குள் நுழைந்து நனையும். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஆனி, ஆடியிலேயே கொட்டித் தீர்த்துவிடும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. பெய்யாத நாளிலும் மேகம் தரையோடு வந்து நிற்கும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை எங்கள் வண்டியின் அடிப்பாகம் முழுசாகக் காய்ந்த நாள் என்று ஒன்றைச் சொல்ல என்னால் முடியாது. சில்வர் ஓக் இலை வேறு வைப்பருக்குக் கீழே போய் மக்கி, தண்ணீர் போகும் வழியை அடைக்கும். அதை வாரம் ஒரு முறை நாங்களே கையால் அள்ளிப் போடுகிறோம். எங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

துருவுக்கு ஆய்வகத்தில் ஒரு சோதனை உண்டு என்று எனக்குத் தெரியும். பெட்டிக்குள் 35 டிகிரி சூட்டில் 5 சதவீத உப்புக் கரைசலைப் புகையாக அடித்து, மணிக்கணக்கில் வைத்துப் பார்ப்பார்கள். அது தேவைதான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் போவது ஆலையிலிருந்து வந்த சுத்தமான தகரம். டீலர் யார்டில் மண்ணோடு நின்று, மேலே கறுப்பு மருந்து வாங்கி, ஓட்டை அடைபட்ட தகரம் அதற்குள் போவதில்லை. எங்கள் கைக்கு வருவது அதுதான்.

அடிப்பாகத்தில் எங்கே பி.வி.சி. பூச்சு, எங்கே மூட்டுகளில் சீலர், எங்கே உள்ளறைகளுக்கு மெழுகு, எங்கே வெறும் முதல் பூச்சு மட்டும் என்று ஒரு படம் போட்டு வண்டிப் புத்தகத்தில் சேருங்கள். தமிழில் போடுங்கள். உங்களிடம் அந்த வரைபடம் இல்லாமல் இருக்காது. அது கையில் இருந்தால் ஷோரூமில் யாராவது "அடியில ஒண்ணுமே இல்ல மேடம்" என்று பயமுறுத்தும்போது நாங்கள் பதில் சொல்ல முடியும். விலை குறைந்த மாடலுக்குப் பின் சக்கரத்து வளைவில் பிளாஸ்டிக் லைனரும் மட்ஃபிளாப்பும் இல்லாமல் விடுகிறீர்கள். எங்கள் மாடலும் அப்படித்தான். மண்ணும் கல்லும் நேரே தகரத்தில் அடிக்கின்றன. மலைக்குப் போகிற வண்டிக்காவது அதை ஆலையிலேயே மாட்டி, அதற்குரிய காசை விலையோடு சேர்த்து வாங்குங்கள். கொடுப்போம்.

டீலர் கோட்டிங் அடிக்கத்தான் வேண்டும் என்றால், அடிக்கும் முன் கழுவிக் காயவைத்த அடிப்பாகத்தின் படத்தையும், டேப் ஒட்டி மறைத்த வடிகால் ஓட்டைகளின் படத்தையும் பில்லோடு எங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் உத்தரவு போடுங்கள். வெளி கான்ட்ராக்ட் என்ற பேச்சு எடுபடாது. முத்திரை குத்தினவர்தான் பொறுப்பு.

எங்கள் வண்டியைச் சரிசெய்தது அந்த மெக்கானிக் அண்ணன்தான். வலது பக்கத்தில் ஓர் ஓட்டையை மட்டும் விட்டுவிட்டு, பழைய கோட்டிங் முழுவதையும் சுரண்டி, கழுவி, பனி இல்லாத இரண்டு நாள் காயவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி தடவி, துத்தநாக பிரைமர் அடித்தார். ஓட்டைகளில் விளக்குமாற்றுக் குச்சி செருகிவிட்டு அப்புறம்தான் கோட்டிங். காய்ந்ததும் குச்சிகளை ஒவ்வொன்றாக எண்ணி உருவினார். கூலியும் பொருளுமாக 9,000 ரூபாய். எங்கள் ஊரில் பிக்கப் ஓட்டுகிற பலர் இந்தச் செலவுக்குப் பயந்து பழைய எஞ்சின் ஆயிலை அடியில் அடித்துவிடுகிறார்கள். அது ரப்பர் புஷ்ஷை ஊதவைக்கும், மழையில் வழிந்து ஓடையில் கலக்கும். எங்கள் ஓடைகள் பவானிக்குத்தான் போகின்றன. நீங்கள் முறையாகச் செய்து கொடுத்தால் அவர்களுக்கும் அந்த வழி வேண்டியிருக்காது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு என்பது தெரியும். ஊட்டியில் ஆணையம் இருக்கிறது. தேவைப்பட்டால் போவேன். ஆனால் எனக்கு வரும் பணம் பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த மாதம் எடுக்கப் போகும் வண்டியின் அடியில் மண்ணைக் கழுவாது. அவரும் உங்கள் கம்பெனியில்தான் முன்பணம் கட்டியிருக்கிறார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பதில் மின்னஞ்சல் வேண்டாம், பொறியாளர் ஒருவரை அனுப்புங்கள். ராம்ப் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். எங்கள் வண்டியின் வலது பக்கப் பெட்டிச் சட்டத்தில் ஓர் ஓட்டையை மட்டும் அவருக்காகத் திறக்காமல் வைத்திருக்கிறோம். இடது பக்கத்திலிருந்து கொட்டிய தண்ணீரில் கொஞ்சம் பள்ளி ஆய்வகத்துக் கண்ணாடிப் புட்டியில் இருக்கிறது. நாள் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரிப் பக்கத்து ஆசிரியை