வான் ரீனன் கணவாயில் என் தம்பியோடு இருந்தவர்களுக்கு

தைப்பூசத்துக்கு மறுநாள் விடியற்காலை, தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் திரும்பும் வழியில், வான் ரீனன் கணவாய் ஏற்றத்தில் என் தம்பி இறந்துபோனான். 34 வயது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி பிழைத்துக்கொண்டாள். இடுப்பெலும்பும் இரண்டு விலா எலும்பும் உடைந்திருந்தன. இப்போது ஊன்றுகோல் இல்லாமல் வீட்டுக்குள் நடக்கிறாள். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டு இன்றும் போன் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்லப் பலமுறை உட்கார்ந்தேன், பாதியில் எழுந்துவிட்டேன். அதனால்தான் இந்த மடல். தமிழ் படிக்கத் தெரியாத உள்ளூர் உறவுகளுக்குத் தெரிந்தவர்கள் படித்துச் சொல்லுங்கள்.

நான் அங்கே இல்லை. நீங்கள் இருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

டர்பனையும் ஜோஹன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலையில் போய் வந்தவர்களுக்கு அந்த ஏற்றத்தைச் சொல்ல வேண்டியதில்லை. டர்பன் துறைமுகத்துச் சரக்கில் பெரும்பகுதி ரயிலை விட்டுச் சாலைக்கு வந்துவிட்டது. இங்கே சட்டப்படி ஒரு லாரி, இழுவையோடும் சரக்கோடும் சேர்த்து 56 டன் வரை இருக்கலாம். சமதரையில் மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் அதே வண்டி, டிராக்கன்ஸ்பர்க் மலையில் ஏறும்போது ஊர்ந்துதான் போகும். பின்னால் வரும் காருக்கோ 120 வரை அனுமதி. அன்றைக்கு மூடுபனி வேறு. தம்பி 100-இல் போய்க்கொண்டிருந்தான் என்று அவன் மனைவி சொல்கிறாள். பனியில் 100 அதிகம்தான். அக்கா நான் சொல்லலாம், வேறு யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன்.

முன்னால் ஒரு லாரி இடப்பக்கத் தடத்தில் நின்றுவிட்டது. அந்த வண்டிகளின் பிரேக் காற்றில் வேலை செய்கிறது. எங்கேயாவது காற்று கசிந்து அழுத்தம் குறைந்தால், ஸ்பிரிங் பிரேக் தானாகவே சக்கரத்தை இறுக்கிவிடும். ஓரத்துக்கு நகர்த்தவும் முடியாது. ஓட்டுநர் இறங்கி சிவப்பு முக்கோணத்தை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்து, சட்டம் சொல்கிற 45 மீட்டர் தூரத்தில் வைத்திருக்கிறார். 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவனுக்கு 45 மீட்டர் என்பது ஒன்றரை நொடி. தம்பி கடைசியில் இடப்பக்கம் ஓரத்துக்கு ஒடித்திருக்கிறான். அவள் பக்கம் தப்பியது, அவன் பக்கம் லாரியின் மூலைக்கு அடியில் போய்விட்டது.

தீயணைப்பு வீரரே, மருத்துவமனை வாசலில் அரைமணி நேரம் நின்று எனக்கு ஒரு விஷயத்தை விளக்கினீர்கள். புதுக் கார், ஆறு காற்றுப்பை உள்ள கார், அப்புறம் ஏன் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். லாரியின் தளம் காரின் கண்ணாடி உயரத்தில் இருக்கிறது, பானெட் அதற்கு அடியில் நுழைந்துவிடும், அடியைத் தாங்கிக்கொள்ளச் செய்த பம்பர் எதிலும் மோதுவதே இல்லை, காற்றுப்பை விரிய வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றீர்கள். லாரியின் பின்பக்கம் இரும்புத் தடுப்பு வைப்பதே இதற்காகத்தான், ஆனால் மூலையில் இடித்தால் அதுவும் வளைந்துகொடுத்துவிடும் என்றீர்கள். கையால் வரைந்து காட்டினீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

இரண்டாவதாக வந்த லாரிக்காரரே, உங்கள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. பின்னாலேயே உங்கள் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, எல்லா விளக்கையும் போட்டு, 112-க்கு அழைத்திருக்கிறீர்கள். அந்தப் பனியில் அடுத்த வண்டி வந்து மோதியிருந்தால் தம்பி மனைவியும் இன்றைக்கு இல்லை. ஆம்புலன்ஸ் போகும்போது ஜூலு மொழியில் "ஹம்பா கஹ்லே" என்று தொப்பியைக் கழற்றினீர்களாம், போய் வா என்று. அவள் அதை மறக்கவில்லை.

டோ டிரக் ஓட்டி வந்த பையா, உன்னிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். டோ டிரக்காரர்கள் விபத்தில் காசு பார்ப்பவர்கள் என்று நானும் பேசியிருக்கிறேன். நொறுங்கிய காரிலிருந்து அவன் செருப்பு, போன், கோயில் தேங்காய், காவடியில் செருகியிருந்த மயிலிறகு வரை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பழ அட்டைப்பெட்டியில் வைத்து, லேடிஸ்மித் வரை கொண்டுவந்து தந்தாய். காசு கொடுத்தபோது வாங்கவில்லை.

லேடிஸ்மித் குடும்பத்துக்கு என்ன சொல்வது? நானும் என் வீட்டுக்காரரும் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வந்து சேர்ந்தபோது, உங்களுக்கும் எங்களுக்கும் எந்தப் பழக்கமும் இல்லை. கோயிலில் யாரோ சொல்லி வந்திருந்தீர்கள். ஐந்து நாள் உங்கள் வீட்டில் இருந்தோம். காலையில் ஆயா கையில் காபி டம்ளரைக் கொடுத்து, குடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். தாத்தா ஒரு ராத்திரி பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். போயர் போரில், 1899 டிசம்பரில் கொலென்சோவிலும், அடுத்த மாதம் ஸ்பியன் கோப்பிலும், காந்தி சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர் அடிபட்ட சிப்பாய்களை ஸ்டிரெச்சரில் சுமந்து போனார்கள், அதில் முக்கால்வாசிப் பேர் ஒப்பந்தக் கூலிகள், நீ வந்த வழிக்குப் பக்கத்தில்தான் அதெல்லாம் என்றார். "எங்க ஆளுங்களும் தூக்கியிருக்காங்கம்மா, இந்த ஊருக்கு அது பழக்கம்" என்று முடித்துக்கொண்டு படுக்கப் போய்விட்டார். ஆறுதல் சொல்ல வந்தவர்களில் அவர் ஒருவர்தான் என்னிடம் விதி என்று சொல்லாதவர்.

விபத்து மரணம் என்றால் பிரேதப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். ஓர் அலுவலகத்தில் ஒரே படிவத்துக்கு மூன்று நாள் அலையவிட்டார்கள், அதைப் பற்றி இங்கே எழுதிப் பயனில்லை. பிணவறையில் இருந்த அந்த அம்மா மட்டும், எங்கள் முறைப்படி சீக்கிரம் எரிக்க வேண்டும் என்று கேட்டதும், மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து கதவைத் திறந்தார். சாலை விபத்து நிதியில் மூன்று வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்லி, பைசா வாங்காமல் காகிதங்களைப் பார்த்துத் தந்த பீட்டர்மாரிட்ஸ்பர்க் வக்கீல் அண்ணாவுக்கும் நன்றி.

தம்பியை ஊருக்கு அனுப்பவில்லை. அம்மாதான் வேண்டாம் என்றார், பெட்டியில் பார்க்க என்னால் முடியாது என்றார். டர்பனில், கிளேர் எஸ்டேட் சுடுகாட்டில் எரித்தோம். திருநெல்வேலியில் அம்மாவும் அப்பாவும் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் வரப்போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் இருநூறு பேருக்கு மேல் வந்தீர்கள். பத்து நாள் விரதம் இருந்து அவனோடு காவடி எடுத்தவர்கள், இன்னும் கையில் காப்புக் கயிறோடு வந்திருந்தீர்கள். வயதான அக்காமார் ஆங்கில எழுத்தில் அச்சடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு தமிழ்ப் பதிகம் பாடினீர்கள். ழகரமும் ளகரமும் எல்லாம் ஒன்றுதான். அப்பா அந்தப் பக்கம் போனைக் காதோடு வைத்துக்கொண்டு அழுததை இங்கிருந்தே கேட்டேன். அதுவரை அவர் அழவே இல்லை. பருப்பும் சோறும் கொண்டுவந்த பெரிய பானைகளில் இரண்டு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன, யாருடையவை என்று சொன்னால் திருப்பித் தருகிறேன். உம்கேனி ஆறு கடலில் கலக்கும் புளூ லகூனில் அஸ்தி கரைக்கப் படகு பிடித்துத் தந்த அங்கிளுக்கும் என் வணக்கம்.

கடைசியாக ஒருவர். நின்றுபோன லாரியின் ஓட்டுநர்.

உங்களை நான் முதலில் வெறுத்தேன். மறைக்கவில்லை. காற்றுக்குழாய் ஏன் கசிந்தது, பராமரிப்பு யார் பொறுப்பு என்பதெல்லாம் வழக்கில் இருக்கிறது, அது உங்கள் முதலாளி பதில் சொல்ல வேண்டியது. நீங்கள் ஜிம்பாப்வேக்காரர் என்று போலீசார் சொன்னார்கள். வெளிநாட்டு ஓட்டுநர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகவே லாரிகளைக் கொளுத்திய சாலை இது. பனிக்குள் ஓடி மறைந்திருந்தால் உங்களை யாரும் பிடித்திருக்க முடியாது. நீங்கள் காருக்குள் கையை விட்டுத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். அவனுக்கு இருபது நிமிடம் மூச்சு இருந்ததாம். அவன் ஏதோ பேசினான், உங்களுக்குப் புரியாத மொழியில். அம்மா என்றுதான் சொல்லியிருப்பான். நீங்களும் உங்கள் மொழியில் பதில் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள் என்று தம்பி மனைவி சொன்னாள். "மதினி, அவர் ஒரு நிமிஷம்கூடக் கையை விடல" என்று மயக்கம் தெளிந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தையே அதுதான்.

நீங்கள் வேலையை விட்டுப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் போன் எண் இப்போது கிடைப்பதில்லை. டர்பனிலோ ஹாரிஸ்மித்திலோ லாரி நிறுத்தும் இடங்களில் அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு செய்தி சொல்லுங்கள். அவர் தன் வண்டியிலிருந்து எடுத்துவந்து தம்பி மேல் போர்த்திய பழுப்பு நிறப் போர்வை எங்களிடம் இருக்கிறது. மருத்துவமனையில் சாமான்களோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். துவைத்து, மடித்து வைத்திருக்கிறேன். குளிர்காலம் வருவதற்குள் அவர் கையில் சேர்க்க வேண்டும்.