அந்தப் பதினேழாயிரம் ரூபாய்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் வங்கிக் கணக்கில் 17,000 ரூபாய் வந்திருக்கிறது, எதற்கென்று தெரியவில்லை என்று போனில் கேட்டாய். அது ஃபெஞ்சல் புயலுக்கு அரசு கொடுத்த பயிர் நிவாரணம். பாசன வசதியுள்ள நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 என்று கணக்கு. நம்முடைய இரண்டரை ஏக்கர் ஏறக்குறைய ஒரு ஹெக்டேர். பட்டா உன் பெயரில் இருப்பதால் பணம் உன்னிடம் வந்துவிட்டது. அதை, நம் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிற கீழத்தெரு மாமாவுக்கு அனுப்பிவிடு, பாப்பா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அப்புறமும் மழை விடவில்லை. சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 விடியற்காலையில் நொடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியது. திருவெண்ணெய்நல்லூர் பக்கம் எங்கே பார்த்தாலும் வெள்ளம். வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் நம் வயலில் பயிரே தெரியவில்லை, எல்லாம் மணல்.

உழவு, நாற்று, நடவுக் கூலி, உரம், களை எல்லாம் மாமா போட்டது. ஏக்கருக்கு இருபத்தைந்தாயிரத்துக்குக் குறையாது. நாம் ஒரு ரூபாய் போடவில்லை. அரசும் இதை நிலத்துக்காகக் கொடுக்கவில்லை. விதை, உரம், கூலி என்று போட்டு இழந்த செலவில் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்கட்டும் என்றுதான் கொடுக்கிறது. சேதம் 33 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் பட்டியலில் சேர்ப்பார்கள். கணக்கெடுக்க வந்தவர்களை வரப்பு வரப்பாகக் கூட்டிப்போய்க் காட்டியது மாமா. பட்டியலில் ஏறியது உன் பெயர். ரேஷன் அட்டைக்குக் கொடுத்த 2,000 ரூபாய் மட்டும்தான் அவர் கைக்குப் போனது.

அடுத்த சம்பாவுக்கு அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று விஏஓ எழுதும் பதிவேட்டில், அவர் பெயரைப் போடவும் நீ சம்மதிக்க வேண்டும். பயிர்க் காப்பீட்டில் குத்தகை விவசாயியும் சேரலாம். சம்பா நெல்லுக்குப் பிரீமியம் ஒன்றரை சதவீதம்தான். ஆனால் சாகுபடி செய்வது அவர்தான் என்று விஏஓ கொடுக்கும் அடங்கல் வேண்டும். நம் குத்தகை உன் அப்பா காலத்திலிருந்து வாய்ப்பேச்சாகவே இருப்பதால் அவரிடம் காட்ட ஒரு தாள்கூட இல்லை.

பெயரைப் போட்டால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று உன் சித்தப்பா பயப்படுகிறார். குத்தகைதாரரைப் பாதுகாக்க 1955-லேயே சட்டம் வந்தது, உண்மைதான். ஆனால் ஒழுங்காகக் குத்தகை கொடுத்து உழுகிறவரைக் காரணமில்லாமல் வெளியேற்றாதே என்றுதான் அது சொல்கிறது. பட்டா உன் பெயரிலேயேதான் இருக்கும். அவரை வெளியேற்றும் எண்ணம் நமக்கு என்றைக்காவது இருந்ததா? அப்புறம் என்ன பயம்?

மாமா வாய்விட்டுக் கேட்கமாட்டார். மணலை வார ஜேசிபிக்கு வட்டிக்கு வாங்கியிருக்கிறார் என்று அத்தை சொல்லித்தான் எனக்கே தெரியும். இந்த வருஷக் குத்தகை வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். உனக்கு அதில் வருத்தம் இருக்காது என்று நம்புகிறேன்.

அவருடைய வங்கிப் புத்தகத்தைப் படமெடுத்துத் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்புவான். வெள்ளிக்கிழமைக்குள் போட்டுவிடு. போட்டதும் நீயே அவருக்குப் போன் செய்து சொல். நான் சொன்னால் வாங்க மறுப்பார், நீ சொன்னால் தட்டமாட்டார்.

அன்புடன்,
அம்மா