குப்பைமேட்டைச் சுற்றியுள்ள கிணறுகளைத் தொடர்ந்து சோதிக்க உங்கள் உதவி வேண்டும்

அன்புடையீர்,

குப்பைமேட்டைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரை வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், பல வருடங்களுக்கு விடாமல் பரிசோதிக்க முடிவு செய்திருக்கிறோம். அதற்கு நன்கொடை கேட்டு எழுதுகிறோம்.

முதலில், போன முறை நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். மேட்டிலிருந்து நிலம் தாழ்ந்து போகும் கீழ்ப்பக்கத்தில் உள்ள சில கிணறுகளில் தண்ணீர் உவர்க்கத் தொடங்கியதும், கையில் இருந்த பணத்தைப் போட்டு ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம். உப்பில் இருக்கும் குளோரைடு அதிகம் என்று அறிக்கை வந்தது. மேட்டை நடத்துகிறவர்களிடம் அதைக் காட்டியபோது, “இது உப்பு மண், குப்பை வருவதற்கு முன்பே இப்படித்தான் இருந்தது” என்றார்கள். மறுத்துக் காட்ட எங்களிடம் ஒரு பழைய அளவுகூட இல்லை. குப்பையின் கசிவு எட்டாத மேல்ப்பக்கத்துக் கிணறு ஒன்றையாவது ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தோம்.

மழைநீர் குப்பைக்குள் இறங்கி, அழுகியதையெல்லாம் கரைத்துக்கொண்டு கறுப்பாக அடியில் வடிகிறது. அடியில் களிமண்ணோ விரிப்போ போடாத பழைய மேடுகளில் இந்தக் கசிவுநீர் நேராக மண்ணுக்குள் போகும். நிலத்தடி நீர் மெதுவாக நகரும், பல இடங்களில் ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர்தான். இன்று இறங்கிய கசிவு ஒரு கிணற்றை எட்டப் பல வருடங்கள் ஆகலாம். அதில் குளோரைடு மண்ணில் ஒட்டாது, சிதையாது, தண்ணீர் போகும் வேகத்திலேயே போய்ச் சேரும். அம்மோனியாவும் பல உலோகங்களும் மண்ணில் தங்கித் தங்கிப் பின்னால் வரும். ஆகவே குளோரைடு ஏறுவதை ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால், மற்றவை வருவதற்குள் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்திவிடலாம். இந்த அவகாசத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

நாக்கை நம்பி இருக்க முடியாது. உப்பு தெரியும், ஈயமும் ஆர்சனிக்கும் தெரியாது. அவை இரண்டுக்கும் உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். நைட்ரேட்டுக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போன தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையக்கூடும். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் வற்ற வற்ற நைட்ரேட்டின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

பணம் எங்கே போகும்? பெரும் செலவு மூன்று கண்காணிப்புத் துளைக்கிணறுகள்: மேட்டுக்கு மேல்ப்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் இரண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999 குப்பைமேட்டு விதியும் குறைந்தது இவ்வளவு கேட்கிறது. மூன்றிலும் நீர்மட்டம் அளந்தால் தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதும் தெரிந்துவிடும். வீட்டுக் கிணறுகள் மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். அவற்றில் உரமும் கழிவறைக் குழியின் கசிவும் கலந்திருக்கும், எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது.

அப்புறம் ஆய்வகக் கட்டணம். இது ஒவ்வொரு முறையும் வரும். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டர், புட்டிகள், குளிர்பெட்டி எல்லாம் சின்னச் செலவுதான். மாதிரி எடுப்பது நாங்களே; அதற்குப் படி எதுவும் கிடையாது. தேங்கிய பழைய நீரை இறைத்துவிட்டுப் புதிதாக ஊறும் நீரைத்தான் பிடிப்போம், உலோகம் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, உலோகச் சோதனைக்கான புட்டியில் நைட்ரிக் அமிலம் சேர்ப்போம். சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க, சுத்தமான நீர் நிரப்பிய புட்டி ஒன்றையும் எதுவென்று சொல்லாமல் ஆய்வகத்துக்கு அனுப்புவோம். அடுத்த முறை எங்கள் எண்களை யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது.

ஒரே தடவை பெரிய தொகை தந்தால் துளைக்கிணறு போட உதவும். ஆனால் மாதாமாதம் சிறு தொகை தருகிறவர்கள்தான் எங்களுக்கு அதிகம் தேவை. இடையில் இரண்டு வருடம் விட்டுப்போனால் அதுவரை எடுத்த அளவுகளின் பயனும் பாதியாகிவிடும். கெட்டுப்போன நீரைச் சுத்தம் செய்ய இந்தப் பணம் போதாது, அப்படி வாக்குக் கொடுக்கவும் மாட்டோம்.

குப்பைமேட்டை நடத்துகிறவர்கள், அதில் ஒப்பந்தம் எடுத்தவர்களிடம் பணம் வாங்க மாட்டோம். எல்லோருக்கும் ரசீது உண்டு. முடிவுகள் முதலில் கிணற்றுக்காரருக்கும், பிறகு எல்லோருக்கும் வரவுசெலவுக் கணக்கோடு சேர்த்துத் தரப்படும். குப்பைமேடு காரணம் இல்லை என்று முடிவு வந்தாலும் அப்படியே வெளியிடுவோம்.

பணம் தர முடியாதவர்களிடம் ஒரு வேண்டுகோள். கிணறு வெட்டியபோதோ போர் போட்டபோதோ தண்ணீரைச் சோதித்த தாள் வீட்டில் எங்காவது கிடந்தால், எவ்வளவு பழையதானாலும் சரி, எடுத்து வாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
நிலத்தடி நீர் கண்காணிப்புக் குழுவினர்